.32 ரிவால்வரும் காட்டுப்பன்றியும்

ரிவால்வர் வைத்திருப்பவர்கள் எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு தனி ரகம். நூற்பாலை நடத்துபவர், நகைக்கடைக்காரர், தாத்தா வைத்திருந்த லைசென்ஸின் தொடர்ச்சியாகத் தன் பெயருக்கும் ஒன்று வாங்கிக்கொண்ட தோட்டத்துக்காரர். பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள். தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்று மறுபடியும் பூட்டுவார்கள். வடக்கே கல்யாணங்களில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் முற்றிப்போய், 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி அதைத் தனிக் குற்றமாகவே ஆக்க வேண்டியிருந்தது. நம் கல்யாணங்களில் சடங்கை நடத்தும் அருமைக்காரர் வந்து சீர் செய்தால் போதும்; துப்பாக்கிக்கு அங்கே வேலை கிடையாது.

நான் கோவையில் காகித இலக்கைச் சுடுகிற ஆள். அதனால் இவர்களுடைய கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. "இதற்குப் பவர் எவ்வளவு?" என்று தொடங்குவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்: "காட்டுப்பன்றி விழுமா?" முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு அந்த எண்ணைப் பதிலாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். துப்பாக்கிப் பேச்சில் நடக்கும் வாக்குவாதங்களில் முக்கால்வாசி இந்தக் குழப்பத்தால் வருவது என்பது என் கட்சி.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியைத் தனியார் சுடுவது குற்றம். கடலைக்காடு முழுவதையும் உழுது போட்டிருந்தாலும் குற்றம்தான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி திறந்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் என்ற சொல்லைப் பலர் கவனமாக மறந்துவிடுகிறார்கள். பயிரைக் காக்கவென்று ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கும் நாட்டுத்துப்பாக்கியைப் பற்றி. இடுப்பில் செருகும் ரிவால்வரைப் பற்றியல்ல. ஆக, கீழே வருவதெல்லாம் கைத்துப்பாக்கி வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற இடங்களை வைத்துப் பேசுவது. நம் ஊருக்கு அதிலிருந்து கிடைப்பது அறிவு மட்டுமே.

நம்மவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கான்பூரில் அரசு ஆலை செய்த .32 ரிவால்வர். பேச்சில் முப்பத்திரண்டு; குண்டின் விட்டத்தை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்லும் எண் அது. பழைய வெப்லி ரிவால்வரின் வம்சம்: நடுவில் மடங்கித் திறக்கும், ஆறு தோட்டா கொள்ளும். 2014இல் பெண்களுக்கென்று விளம்பரம் செய்து, 500 கிராமுக்குச் சற்று மேலான எடையில், லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்து வந்த 'நிர்பீக்' ரிவால்வருக்கும் இதே தோட்டாதான். இந்தத் தோட்டாவின் முழுப்பெயர் .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். 1896இல் பிறந்தது. அதே ஆண்டில் நியூயார்க் காவல்துறைக்கு ஆணையராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தம் காவலர்களுக்கு .32 ரிவால்வரைப் பொதுவாக்கினார். நகரத்தெருவில் ரோந்து போகும் காவலருக்கு அன்று அது போதுமானதாக இருந்தது.

ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத பித்தளைக் குப்பி. அதன் வாயில் வட்ட மூக்குள்ள ஈயக் குண்டு. குண்டின் எடை 98 கிரெய்ன், அதாவது ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே மருந்து சரசரக்கும். கரிமருந்துக் காலத்தில் பிறந்த குப்பி. இன்றைய புகையில்லா மருந்து அதில் ஒரு மூலைக்குத்தான் வரும், மீதி வெற்றிடம். குண்டு வினாடிக்கு 215 மீட்டர் போல வெளியேறும். ஒலியின் வேகத்தைவிட நன்றாகவே குறைவு. ஆற்றல் கணக்குப் போட்டால் 150 ஜூல் அளவுக்கு வரும். முயல் அடிக்கிற .22 ரைஃபிள் தோட்டாவின் ஆற்றலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இதைச் சொன்னபோது நூற்பாலைக்காரர் ஒருவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. போதாக்குறைக்கு, கம்பெனிகள் அச்சிடும் வேகம் பொதுவாக நீளமான குழலில் அளந்தது. கான்பூர் ரிவால்வரின் குழலோ மூன்று அங்குலம்.

இனி மற்றத் தோட்டாக்களைப் பக்கத்தில் வைக்கலாம். 9 மில்லிமீட்டர் பாராபெல்லம், ஏழரைக் கிராம் குண்டு, சுமார் 450 ஜூல். .45 ஏ.சி.பி., பதினைந்து கிராம் குண்டு, சுமார் 475 ஜூல். இவை இரண்டும் படைகளுக்கு உரியவை என்பதால் இந்தியாவில் சாமானியருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .357 மேக்னம் 720 ஜூல். .44 மேக்னம் 1,000 முதல் 1,300 ஜூல். 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸன் மேக்னம் 3,500 ஜூலைத் தாண்டும். வேட்டை ரைஃபிள்களில் பழம்பெருமை பெற்ற .30-06 தோட்டா 3,800 போலத் தரும் என்றால், .500 எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

குழலின் வாய் அகலத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு நம் முப்பத்திரண்டே நல்ல சாட்சி. 2007-08 வாக்கில் அமெரிக்காவில் .327 ஃபெடரல் மேக்னம் என்று ஒன்று வந்தது. குண்டின் விட்டம் அதே .32 லாங்கின் விட்டம்தான். எடையும் ஏறக்குறைய அதே. குப்பியை நீட்டி, அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றியதில் ஆற்றல் 650 ஜூலைத் தாண்டிவிட்டது, நான்கு மடங்குக்கு மேல். "எனக்கும் முப்பத்திரண்டு, அவனுக்கும் முப்பத்திரண்டு" என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது.

ஜூல் கணக்கில் ஒரு சாய்வு இருக்கிறது. எடையை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும். அதனால் இலேசான, வேகமான குண்டுகள் அட்டவணையில் பளிச்சென்று தெரியும். இதற்கு மாற்றாக, ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் என்பவர் வேறொரு கணக்கை முன்வைத்தார்: கிரெய்னில் எடை, வினாடிக்கு இத்தனை அடி என்று வேகம், அங்குலத்தில் விட்டம், இந்த மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுப்பது. அதன்படி 9 மில்லிமீட்டருக்கு 7க்கும் கீழே, .45க்கு 12, .44 மேக்னத்துக்கு 20ஐ ஒட்டி, நம் .32க்கு 3. கனமான, அகலமான குண்டை விரும்புகிறவர்களுக்கு இது வேதவாக்கு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. காரணம் சின்னப்பம்பட்டி நடராஜன். அவர் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கிரிக்கெட் பந்தை அந்தச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 160 கிராம் எடை, ஏழு சென்டிமீட்டருக்கு மேல் விட்டம், விடை 120ஐத் தாண்டும். யானைக்கென்றே செய்த .470 ரைஃபிளுக்கு அதில் கிடைப்பது 73. யார்க்கர் போட்டு யானையை விழத்தட்டியதாக இதுவரை செய்தி இல்லை.

மறுபக்கம் அம்பைப் பாருங்கள். இன்றைய வேட்டை வில்லிலிருந்து புறப்படும் அம்பின் ஆற்றல் 100 ஜூல் அளவில் இருக்கும். நம் ரிவால்வரைவிடக் குறைவு. ஆனாலும் அமெரிக்கக் காடுகளில் ஆண்டுதோறும் மான்கள் அம்பால் விழுகின்றன. அம்பின் முனையில் சவரக்கத்தி போன்ற அலகு இருக்கிறது. நீளமான தண்டு பின்னாலிருந்து தள்ளுகிறது. நெஞ்சுக்கூட்டைத் துளைத்து நுரையீரலை அறுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் புலிகுத்திக்கல்லில் செதுக்கியிருக்கும் வீரன் கையிலும் வாளோ ஈட்டியோதான். அவன் ஆயுதத்துக்கு ஜூல் கணக்கில் பெரிய மதிப்பு வராது. அது எவ்வளவு ஆழம் போயிற்று, வழியில் எதை அறுத்தது என்பதில்தான் விலங்கின் விதி இருந்தது.

கைத்துப்பாக்கிக் குண்டும் இந்த வகையில் ரைஃபிளைவிட ஈட்டிக்கு நெருக்கமானது. ரைஃபிள் குண்டு வினாடிக்கு 700, 800 மீட்டரில் பாயும்போது சுற்றியுள்ள தசை நாலாபுறமும் விரிந்து கிழிகிறது. கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் அந்த விரிவு வெறும் இழுப்பாக நின்றுவிடும். பெரும்பாலான தசை ரப்பரைப் போல மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். குண்டு தன் உடம்பால் நேராக நசுக்கிய பாதைதான் உண்மையான காயம். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: பாதை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்.

ஆழம் என்பதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இரத்தம் கொடுத்துக் கற்றது. 1986 ஏப்ரல் 11, மயாமி. இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில், தொடக்கத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் குண்டு ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்தைத் தொடாமல் அதற்குச் சற்று முன்பாகவே நின்றுவிட்டது. விரிந்து காயத்தை அகலப்படுத்தும் வகைக் குண்டு அது. விரிந்ததும் ஆழம் குறைந்துபோனது. சாவு நிச்சயமான காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதன் பிறகு ஜெல்லி போன்ற கட்டியில் சுட்டுப் பார்த்து 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்று விதி வகுத்தார்கள். தோட்டாவை 10 மில்லிமீட்டருக்கு மாற்றினார்கள். அதன் உதை பலருக்கு ஒத்துவராமல் .40க்கு இறங்கினார்கள். குண்டுகளின் செய்நேர்த்தி கூடியதும் கடைசியில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பி வந்தார்கள். ஜூல் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சுற்றுப்பயணம் புரியாது.

மனித உடம்புக்கே இந்தக் கதை என்றால் பன்றியை நினைத்துப் பாருங்கள். பர்கூர் மலையடிவாரத்தில் என் மாமாவுக்குத் தோட்டம் இருக்கிறது. கடலையும் குச்சிக்கிழங்கும் போடுவார். பன்றிக்கூட்டம் வந்துபோன காலையில் அந்தக் காட்டைப் பார்த்திருக்கிறேன்: வரிசை பிடித்து ஏர் ஓட்டியது போல மண் புரண்டு கிடக்கும், கடலைத் தோல் மட்டும் மிச்சம். சொட்டுநீர்க் குழாய் கசியும் மூலையில் சேற்றுக்குளியல் போட்ட பள்ளம். பக்கத்துப் பனைமரத்தில் தொடை உயரத்துக்குச் சேறு அப்பியிருக்கும். அதில் கறுத்த முரட்டு மயிர்கள் ஒட்டியிருக்கும். அந்த உயரமே பன்றி எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடும். உடம்பில் சேறு காய்ந்து ஓடு கட்டியிருக்கும்; அதன் கீழே தடித்த தோல்; வளர்ந்த ஆண் பன்றிக்கு அதற்கும் கீழே தோள்பட்டையை மூடி, குருத்தெலும்பு போன்ற கேடயம் ஒன்று உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திச் சண்டையிடுவதற்காக இயற்கை கொடுத்த கவசம் அது. இதயம் அதற்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டி, நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கிறது.

மாமாவிடம் கான்பூர் ரிவால்வர் இருக்கிறது. வரப்பில் நின்றபடி கேட்டார்: "மாப்பிள்ளை, ஆறு குண்டும் ஒரே இடத்தில் போனால்?"

"ஒன்று போகிற ஆழத்துக்குத்தான் ஆறும் போகும், மாமா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. எண்பது, நூறு கிலோ விலங்கைக் காயப்படுத்தி இருட்டில் கோபமூட்டுவதற்கு அந்த ரிவால்வர் தாராளமாகப் போதும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அதைவிடப் பிடிக்கவில்லை.

சரி, வேட்டைக்கு ஏற்ற கைத்துப்பாக்கித் தோட்டா எது? இதில் அமெரிக்கர்களின் அனுபவம் பெரியது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸன் .357 மேக்னத்தை வெளியிட்டபோது, அந்த நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் வெஸனே அதை எடுத்துப்போய்ப் பெரிய விலங்குகளைச் சுட்டு விளம்பரம் தேடினார். பழைய .38 ஸ்பெஷல் குப்பியை மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீட்டியதுதான் .357. அந்த மூன்று மில்லிமீட்டரும் மருந்துக்கு இடம் வேண்டி வந்ததல்ல. புதிய தோட்டா தவறிப்போய்ப் பழைய.38 ரிவால்வருக்குள் நுழைந்து அதை வெடிக்க வைத்துவிடக் கூடாது என்பதற்காக. நல்ல கையில், நாற்பது ஐம்பது மீட்டருக்குள், புள்ளிமான் அளவுள்ள விலங்குக்கு .357 போதும். கொலராடோ மாநிலத்தில் வேட்டைக் கைத்துப்பாக்கிக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஆற்றல் 50 கஜத் தொலைவில் 550 அடி-பவுண்டு, சுமார் 745 ஜூல். சாதாரண .357 புறப்படும் வாயிலேயே அதை எட்டுவதில்லை.

இடாஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத் இதற்கு வேறு வழியில் போனார். கனமான, கெட்டியான ஈயக் குண்டு. மூக்கு தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். விரியாது, உடையாது, எலும்பு குறுக்கிட்டாலும் திசை மாறாமல் போகும். பல ஆண்டுகள் .44 ஸ்பெஷல் தோட்டாவில் மருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டுப் பார்த்து, கம்பெனிகளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். 1955இல் .44 மேக்னம் வந்தது. பன்றிக்கு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: 240 கிரெய்ன் கெட்டிக் குண்டு, ஆறங்குலத்துக்குக் குறையாத குழல். கேடயம், விலா, நுரையீரல் எல்லாவற்றையும் கடந்து மறுபக்கம் வெளியேற அதற்குத் தெம்பு உண்டு. 10 மில்லிமீட்டரும் 200 கிரெய்ன் கெட்டிக் குண்டோடு ஓரளவு பக்கத்தில் வரும். அதே துப்பாக்கியில் வீட்டுக் காவலுக்கென்று செய்த, விரியும் குண்டைப் போட்டால் பன்றியின் தோளிலேயே விரிந்து வேகத்தை இழக்கும். தோட்டாவின் பெயர் மாறவில்லை, ஜூலும் மாறவில்லை. மூக்கு மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

.454 கசூல், .500 எல்லாம் அலாஸ்காவில் கரடியோடு குடித்தனம் நடத்துபவர்களுக்கு. எட்டங்குலக் குழலுள்ள .500 ரிவால்வர் இரண்டு கிலோ எடை. அப்படியிருந்தும் உதை மணிக்கட்டைத் திருகிவிடும். அந்த உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பவன் கையில் 3,500 ஜூலும் மண்ணுக்குத்தான் போகும். வாய்முனையில் .30-06க்குச் சமம் என்றாலும், குட்டையான தட்டை மூக்குக் குண்டு காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் இரண்டுக்கும் ஒப்பீடு கிடையாது. ரைஃபிள் தோட்டாவையே சுடும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளும் 1967 முதல் கிடைக்கின்றன. தொலைநோக்கி மாட்டி, மூட்டை மேல் சாய்த்துச் சுட வேண்டிய அவற்றைக் கைத்துப்பாக்கி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

என் சொந்தப் பயிற்சிக்கு வருகிறேன். .32 லாங் தோட்டாவுக்கு உலகில் மிஞ்சியிருக்கும் கௌரவமான வேலை 25 மீட்டர் இலக்குச் சுடுதல். அதற்கென்றே மூக்கில்லாத குண்டு செய்கிறார்கள். உருளை வடிவில், குப்பியின் வாய்க்குச் சமமாக உள்ளே அமர்ந்திருக்கும். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டது போலச் சுத்தமான வட்டம் விழும். உதை மிகக் குறைவு, அதனாலேயே துல்லியம். அந்த இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 5 சென்டிமீட்டர், கறுப்பு வட்டம் முழுவதும் 20 சென்டிமீட்டர். பன்றியின் உயிர்நிலை அந்தக் கறுப்பைவிடப் பெரிதாக இராது. நல்ல வெளிச்சத்தில், தரையில் கால் பதித்து, மூச்சை அடக்கி, யாரும் அவசரப்படுத்தாமல் சுடும்போதே புதியவர்களின் குண்டுகள் கறுப்புக்கு வெளியே சிதறும். டார்ச் வெளிச்சத்தில், ஓட எத்தனிக்கும் விலங்கை, ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுடாத கையால், மூன்றங்குலக் குழலை வைத்துக்கொண்டு என்றால் அதை வேட்டை என்று சொல்ல எனக்கு வாய் வராது. காதில் அடைப்பான் இல்லாமல் மேக்னம் தோட்டாவைச் சுட்டால் காது நிரந்தரமாகக் கெடும் என்பதும் பேச்சில் வருவதே இல்லை.

பன்றித் தொல்லைக்கு ஆள்கள் கண்டுபிடிக்கும் வழிகளில் என்னை நடுங்க வைப்பது அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் நாட்டுவெடியை மறைத்து வைப்பது. பன்றிக்கென்று வைத்ததை யானை கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மேயப் போன மாட்டுக்கும் இதே கதி. அடுத்தது திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் ஒரே இடத்தில் அப்படிச் செத்தன. காட்டுப்பன்றியால் பயிரை இழப்பவர்களின் கோபம் நியாயமானது. நஷ்டஈட்டுக்கு அலையும் அலைச்சலும் எனக்குத் தெரியும். அதற்காக இந்த இரண்டையும் செய்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மாமா இப்போது கடலைக்காட்டைச் சுற்றிச் சூரியசக்தி வேலி போடப்போகிறார். 2023 விதிகளின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருக்கிறார். நடுவில், ரிவால்வரைக் கொடுத்துவிட்டு .32 பிஸ்டல் வாங்கலாமா என்று கேட்டார். பிஸ்டல் தோட்டா வேறு: 7.65 மில்லிமீட்டர், நாலரைக் கிராம் சொச்சம் குண்டு, 170 ஜூல். இருபது ஜூல் கூடுதலுக்காக மாற்ற வேண்டாம் என்றேன். பல வருடம் பீரோவில் கிடந்த தோட்டா வெடிக்காமல் போனால், ரிவால்வரில் விசையை இன்னொருமுறை இழுத்தால் போதும். உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். மாமாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். கிணற்று மோட்டார் சுவிட்சையே உள்ளங்கையால்தான் அழுத்துகிறார். ரிவால்வரை வைத்துக்கொண்டு தோட்டாக்களை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.